மண்டியும் உருளைக்கிழங்கு வறுவலும்: ஒரு திருத்தம்

முதலில் ஒரு மன்னிப்பு. மூணு வருஷத்துக்கு முன்னால் இங்கே 'ரங்கூன் வறுவல்' என்று ஒரு கட்டுரை போட்டிருந்தேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சோம்பும் பூண்டும் தட்டிப்போட்டு நம்ம பக்கத்து வீடுகளில் வறுக்கிற உருளைக்கிழங்கு இருக்கே, அது பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன ஆட்கள் அங்கே பழகி ஊருக்குக் கொண்டுவந்தது என்பதுதான் அதில் என் வாதம். அதற்குச் சாட்சியாக எங்க ஐயாவை, அதாவது அப்பச்சியின் அப்பாவை, நிறுத்தியிருந்தேன். 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், வந்ததும் வீட்டில் அந்த வறுவலைப் பழக்கினார் என்று எழுதினேன். கதை நல்லா இருந்தது. நிறையப் பேர் பகிர்ந்தாங்க. எனக்குத் தெரிந்த ரெண்டு கல்யாணச் சமையல்காரர்கள் மெனு அட்டையிலேயே 'ரங்கூன் வறுவல்' என்று போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் கதை தப்பு. போன தை மாசம் நேமத்தான்பட்டி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஆத்தா அதை உடைத்துப் போட்டார்கள். (வெளியூர் வாசகர்களுக்கு: நாங்கள் அம்மாவை ஆத்தா என்றும், அப்பாவை அப்பச்சி என்றும், தாத்தாவை ஐயா என்றும் சொல்வோம். இன்னொன்று, நேமம் வேறு, நேமத்தான்பட்டி வேறு. ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று இருப்பது நேமத்தில். நாங்கள் காரைக்குடிப் பக்கம்.)

அலுவலகத்தில் சோதித்துப் பார்க்காமல் ஒரு வரி நிரலை வெளியே விட்டால் அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்பார்கள். வரலாறு எழுதும்போது மட்டும், அப்பச்சி எப்போதோ சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே தூக்கி வைத்து ஆயிரத்தைந்நூறு வார்த்தை எழுதியிருக்கிறேன். அப்பச்சி இப்போது இல்லை, கேட்கவும் முடியாது. ஆத்தாவைக் கேட்டிருக்கலாம், பக்கத்திலேயே இருந்தார்கள். கேட்கவில்லை.

ஊருக்குப் போனது வீட்டு விஷயமாக. அஞ்சு பங்காளிகள் சேர்ந்த வீடு, இப்போது புள்ளிக் கணக்கு பதினேழு ஆகிவிட்டது. ரெண்டாங்கட்டில் ஓடு இறங்கி, மழைக்குத் தண்ணீர் சுவரில் வழிகிறது. பழுது பார்ப்பதா, பிரித்துக் கொடுத்துவிடுவதா என்று பேச எல்லோரும் கூடினோம். பேச்சு எங்கேயும் போய்ச் சேரவில்லை. அது வேறு கட்டுரை. பேசி முடித்து ஆளாளுக்குக் கிளம்பிப் போனபிறகு, நானும் ஆத்தாவும் என் மகளும் மட்டும் ரெண்டு நாள் தங்கினோம். மகளுக்கு வயசு பதினாலு. 'ஃபிரைஸ் வேணும்' என்றாள். காரைக்குடிக்கு வண்டி எடுக்கணுமா என்று நான் யோசிக்கும்போதே ஆத்தா சொன்னார்கள்: "அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம்? கெழங்கு இருக்கு, நானே போடுறேன். மண்டி வைப்போம், தொட்டுக்க வறுவல்."

மண்டி தெரியாதவர்களுக்கு அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற புளிக்குழம்பு. முதல் தண்ணீரில் தூசி இருக்கும், கொட்டிவிட வேண்டும். ரெண்டாவது தடவை கையால் நன்றாக அலசி எடுக்கிற வெள்ளைத் தண்ணீர்தான் வேண்டியது. அதில் புளியைக் கரைத்து வைத்துக்கொள்ளணும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, உரித்த சின்ன வெங்காயம், முழுப் பூண்டுப் பல், கீறின பச்சை மிளகாய், வெண்டைக்காய் போட்டு வதக்கி, கரைசலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் முடிந்தது. பருப்பு கிடையாது, சாம்பார்ப் பொடி கிடையாது, தேங்காய் கிடையாது. அரிசி மாவுதான் குழம்புக்கு உடம்பு கொடுக்கிறது. வெந்த மொச்சை இருந்தால் சேர்க்கலாம், அன்றைக்கு இல்லை. அடியில் தங்குவதை மண்டி என்கிறோம் இல்லையா, எண்ணெய் மண்டி, அடிமண்டி என்று? அந்த மண்டிதான் இது. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மூட்டை இறங்குகிற மண்டி வேறு. பழைய கட்டுரையில் இந்த ரெண்டையும் வைத்து ஒரு சொல் விளையாட்டு விளையாடியிருந்தேன், அதையும் மறந்துவிடுங்கள்.

இது வசதியான வீட்டுச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் இன்றைக்கு ஊர் ஊராக விளம்பரப் பலகை வைத்துக் காரமான கோழியைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பெரிய வீடுகளில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் சாப்பிட்டது இந்த மாதிரிதான். கல்யாணத்துக்கு இருபத்தேழு வகை, மறுநாள் அரிசி களைந்த தண்ணி. சிக்கனம் என்பது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். உடம்பு சரியில்லாவிட்டாலும், பயணம் போய் வந்த அலுப்பிலும், மனசு சரியில்லாதபோதும் ஆத்தா வைப்பது மண்டிதான். கொஞ்சம் குழைந்த சோறு, அதில் மண்டி. அதற்கு மேல் ஒருவருக்கு என்ன ஆறுதல் வேண்டும் என்று தெரியவில்லை.

இனி வறுவல். நான் யூடியூப் பார்த்துத் தயாராக இருந்தேன். கிழங்கை விரல் கனத்துக்கு நீளமாக வெட்டி, தண்ணீரில் அரைமணி ஊறவைத்து மாவுச்சத்தைக் கழுவி, துடைத்து, முதலில் 150-160 டிகிரி எண்ணெயில் வேகவைத்து எடுத்து ஆறவிட்டு, மறுபடி 180-190 டிகிரியில் பொரிக்கணும். இதுதான் உலகம் முழுக்கச் சொல்கிற முறை. ஆத்தா கேட்டுவிட்டு, "ரெண்டு தரம் எண்ணெயில போட்டா எண்ணெய்க்கு யாரு காசு குடுக்கிறது?" என்றார்கள். அவர்கள் செய்தது இப்படி. உப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் வெட்டின கிழங்கைப் போட்டு, அரை வேக்காட்டில் வடித்து, பழைய வேட்டித் துணியில் பரப்பி வளவு முற்றத்து வெயிலில் அரைமணி வைத்தார்கள். மேலே ஈரம் காய்ந்து மாவு பூத்த மாதிரி ஆனது. அப்புறம் இரும்புச்சட்டியில் கடலெண்ணெய், ஒரே தடவை பொரிப்பு. வேதியியல்படி பார்த்தால் என் முதல் எண்ணெயின் வேலையை அவர்கள் வெந்நீரிலும் வெயிலிலும் முடித்துவிட்டார்கள்.

முதல் ஈடு கருத்துப்போனது. தீ அதிகம் என்று ஆத்தா நினைத்தார்கள். காரணம் நான். முந்தின நாளே வாங்கிய கிழங்கில் பாதியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரை சூட்டில் சீக்கிரம் கருகும், கசக்கும். சிம்லாவில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வறுவலுக்கென்றே சர்க்கரை குறைவாகவும் திடப்பொருள் அதிகமாகவும் இருக்கிற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. 1998-ல் குஃப்ரி சிப்சோனா, 2009-ல் குஃப்ரி ஃப்ரைசோனா. நம்ம கடையில் அதெல்லாம் பெயர் சொல்லிக் கிடைக்காது. வெளியே கூடையில் கிடந்த மிச்சப் பாதி பொன்னிறமாக வந்தது. அதன் மேல் தட்டிய பூண்டு, சோம்பு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை இவற்றை ஒரு கரண்டி எண்ணெயில் சட்டென்று வதக்கிக் கொட்டிப் பிரட்டினார்கள்.

மகள் தட்டை வாங்கியதும், சோற்றை ஒதுக்கிவிட்டு வறுவல் மேலேயே மண்டியை ஊற்றினாள். நான் கத்தப் போனேன். "கனடாவுல இப்படித்தான் சாப்பிடுவாங்க" என்றாள். உண்மைதான். க்யூபெக் மாகாணத்தில் பூத்தீன் என்று ஒரு பண்டம், வறுவல் மேல் பாலாடைக்கட்டித் துண்டும் சுடச்சுடக் குழம்பும். 1950-களின் கடைசியில் கிராமத்துச் சாப்பாட்டுக்கடைகளில் பிறந்து, நாட்டுச் சின்னம் மாதிரி ஆகிவிட்டது. ஆத்தா ஒரு விரலை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஊறிப்போறதுக்குள்ள தின்னு" என்றார்கள்.

அப்போதுதான் நான் பெருமையாக வாயைத் திறந்தேன். "ஐயா இருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாக, அவுக கொண்டாந்த வறுவல் இல்லையா?" என்றேன்.

ஆத்தா என்னைப் பார்த்தார்கள். "யாரு சொன்னா? உங்க ஐயா உருளைக்கெழங்கத் தொடவே மாட்டாக."

அதற்குமேல் அவர்கள் சொன்னதை, இடையில் நான் கேட்ட கேள்விகளை எடுத்துவிட்டு, கூடியவரை அப்படியே எழுதுகிறேன்:

"நான் கல்யாணமாயி வந்தது 1970. எங்க வீட்டுல கெழங்கு வறுப்போம், எனக்குப் பிடிக்கும். வந்த புதுசுல ஒருநா வறுத்து வச்சேன். உங்க ஐயா இலையில உக்காந்தவுக, அதைப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம எழுந்திரிச்சுப் போயிட்டாக. எனக்குப் பயமாப் போச்சு. என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியலை. உங்க அப்பத்தாதான் அப்பறமா சொன்னாக, இந்த வீட்டுல அது வாங்குறதில்லைன்னு. ஏன்னு அவுகளுக்கும் தெரியாது. ரொம்ப வருஷம் கழிச்சு, நீ பொறந்து நாலஞ்சு வயசு இருக்கும், நீ கெழங்கு கேட்டு அழுவ. உங்க ஐயா கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து வறுத்துக் குடுப்பேன். ஒருநா சீக்கிரம் வந்துட்டாக. வாசம் முகப்பு வரைக்கும் வந்திருக்கும்ல. நான் சட்டியத் தூக்கி மறைக்கப் பாத்தேன். 'மறைக்காத ஆச்சி, பிள்ளைக்குப் போடு'ன்னாக. அன்னைக்கு ராத்திரி அவுகளாவே சொன்னாக. நடந்து வர்றப்ப கூட ஒரு ஆளு வந்திருக்காக, ஒரே கடையில வேலை பாத்தவுக. வழியில பேதியாயிருச்சு. மலைப்பாதையில ஒரு எடத்துல அவுக எழுந்திரிக்கலை. அவுக துண்டுல ரெண்டு அவிச்ச கெழங்கு முடிஞ்சு வச்சிருந்தாக. 'அவனுக்கு மூச்சு இருக்கா இல்லையான்னு பாக்கிறதுக்கு முன்னாடி, துண்டத்தான் அவுத்தேன்'னு சொன்னாக. அம்புட்டுத்தான். அப்பறம் அதப் பத்திப் பேசினதே இல்ல."

ஆத்தா சொல்லி முடித்ததும் மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "நீ சாப்பிடு ஆத்தா, உங்க கொள்ளுத்தாத்தா போடச் சொன்னவுகதான்" என்று ஆத்தா அவளைச் சமாதானம் பண்ணினார்கள்.

ஆக, என் சாட்சி என் வாதத்துக்கு நேர் எதிரான பக்கம் போய்விட்டார். இனி மிச்ச ஆதாரங்களையும் ஒழுங்காகப் பார்ப்போம், இந்தத் தடவை சோதித்தபிறகு.

முதலில் பெயர். ஒரு காய் எந்த வழியாக வந்தது என்பதைப் பல நேரம் அதன் பெயர் காட்டிக்கொடுக்கும். போர்த்துகீசியர் கொண்டுவந்த 'படாடா' மராத்தியிலும் குஜராத்தியிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இலங்கையில் சிங்களவர்கள் 'அர்த்தாப்பல்' என்பார்கள், அது டச்சுக்காரன் வாயிலிருந்து வந்த சொல், அவன் பாஷையில் மண்ணாப்பிள் என்று பொருள். நிலக்கடலையை வட ஆற்காட்டுப் பக்கம் மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் சொல்வதில், பிலிப்பைன்ஸ் துறைமுகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பர்மியர்கள் உருளைக்கிழங்கை 'ஆலூ' என்றுதான் சொல்கிறார்கள். அது இந்திச் சொல். அதாவது பர்மாவுக்கே கிழங்கோ அதன் பெயரோ இந்தியாவிலிருந்து போயிருக்கிறது. அங்கே கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட கறி இன்றும் வீட்டுக்கு வீடு வைக்கிற சமாசாரம். நான் சொன்ன 'ரங்கூனிலிருந்து வந்தது' என்ற திசை இதிலேயே ஆட்டம் காண்கிறது. தமிழில் யாரிடமும் கடன் வாங்காமல் உருட்டையாக இருக்கிற கிழங்கு, உருளைக்கிழங்கு என்று வைத்துக்கொண்டோம். எந்த வழி வந்தது என்பதைப் பெயர் காட்டிக்கொடுக்கவில்லை.

இதற்கு மாறாக, உண்மையிலேயே பர்மாவிலிருந்து வந்த பொருளுக்கு எடுத்துக்காட்டு கவுனி அரிசி. பர்மிய மொழியில் ஒட்டரிசிக்கு ஏறக்குறைய 'கௌக்ஞின்' என்று ஒலிக்கிற சொல். அது நம்ம வாயில் கவுனி ஆயிற்று என்பார்கள். பெயரோடு வந்தது, கல்யாண வீட்டுப் பலகாரத்தில் இடம் பிடித்தது. உருளைக்கிழங்குக்கு அப்படி எந்தச் சடங்கிலும் எங்கள் வீட்டில் இடம் கிடையாது. படைப்பு வீட்டில் வாழைக்காய், அவரை, பூசணி, சேனை உண்டு, உருளை கிடையாது. அது 'இங்கிலீஷ் காய்'. கோசும் காரட்டும் அதே கணக்குதான். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தமிழ்நாட்டில் பல சாதிகளில் திவசச் சமையலுக்கு இந்தக் காய்களை விலக்குவார்கள். புதுசாக வந்ததைச் செத்தவர்களுக்குப் படைக்க மனசு வருவதில்லை, அவர்களுக்குப் பழக்கம் இல்லாத ருசி. ஆனால் மிளகாய் மட்டும் எப்படியோ பல இலைகளில் புகுந்துவிட்டது, அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். மிளகு மாதிரி உறைக்கிற காய் என்று நம்ம பெயரைப் போட்டு உள்ளே விட்டுவிட்டோம்.

தென்னகத்துக்கு உருளைக்கிழங்கு பெரிய அளவில் பயிராக வந்த வழி நீலகிரி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறினார். அடுத்த சில வருஷங்களில் ஊட்டியில் கல் வீடு கட்டிக்கொண்டு, ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிர் செய்து பார்த்தார். அவற்றில் உருளை மலை மண்ணுக்குப் பொருந்திப்போனது. வெள்ளைக்காரன் தோட்டத்திலிருந்து படகர்களின் வயலுக்குப் போய், அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, சமவெளிக்குப் பரவியது. சுதந்திரத்துக்குப் பிறகு ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மத்திய நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. ஆத்தா சின்ன வயசில் சாப்பிட்ட கிழங்கு காரைக்குடிச் சந்தையில் வாங்கினது, 'ஊட்டிக் கெழங்கு' என்றே விற்பார்களாம். ஆக, எங்கள் வீட்டுக்குள் உருளைக்கிழங்கு வறுவல் வந்த வருஷம் 1970, கொண்டுவந்தவர் ஆத்தா. கப்பலில் வரவில்லை, மாட்டுவண்டியிலோ லாரியிலோ மேற்கிலிருந்து வந்திருக்கிறது. மற்ற வீடுகளுக்கு முன்னாலேயே வந்திருக்கலாம். ஒரு வீட்டை வைத்து ஊருக்கே சொல்லுகிற தப்பை ரெண்டாவது தடவை பண்ணப் போவதில்லை.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழைய கட்டுரையில் இன்னொரு தப்பும் இருக்கு. கிழங்கைவிட அது பெரிசு. ஐயா பர்மாவில் "வியாபாரம் பார்த்தார், யுத்தத்தில் எல்லாத்தையும் விட்டுவிட்டு வந்தார்" என்று ஒரு வரியில் கடந்திருந்தேன். எங்கள் ஊர்களில் எல்லா வீட்டிலும் இந்த வரி இருக்கு. விட்டுவிட்டு வந்த கதை தெரியும். கைக்கு எப்படி வந்தது என்கிற பாதி பேச்சில் வராது.

1852-ல் இங்கிலீஷ்காரன் கீழ்ப் பர்மாவைப் பிடித்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபிறகு பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. ஐராவதி டெல்டாவின் காட்டை வெட்டி வயலாக்கப் பணம் வேண்டும். விவசாயிக்கு வெள்ளைக்கார வங்கி கடன் கொடுக்காது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது நம்ம ஆட்கள். மூணு வருஷக் கணக்குக்கு மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்களை அனுப்புவார்கள். பெண்டு பிள்ளைகள் ஊரில். பர்மா வங்கி விசாரணைக் குழு 1930-ல் கணக்குப் போட்டபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அதே 1930-ல் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாமல் விவசாயிகளின் நிலம் கடைக்காரர்கள் கைக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்தது சுமார் 5,70,000 ஏக்கர், மொத்த சாகுபடி நிலத்தில் 6 சதம். 1938-ல் அது சுமார் 24,68,000 ஏக்கர், 25 சதம். எட்டு வருஷத்தில். அவர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டும், வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்று எங்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்வோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் வயலை இழந்து அதே வயலில் குத்தகைக்கு உழுத பர்மியனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? அவன் வீட்டில் இதே காலத்தை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று என் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

இந்த நேரத்தில்தான், 1939-ல், ஐயா பதினஞ்சு வயசில் பெட்டியடிப் பையனாக டெல்டாவில் ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஒரு சென்ட் நிலம் அங்கே கிடையாது, சம்பள ஆள். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கப்பலில் இடம் பிடிக்க முடியாதவர்கள் நடந்தார்கள். அராக்கான் பக்கம் தவுங்கப் கணவாய் ஒரு வழி, வடக்கே தாமு வழியாக மணிப்பூர் இன்னொரு வழி. போனவர்கள் நாலு லட்சத்துக்கு மேல், வழியில் செத்தவர்கள் பல ஆயிரம். காலராவும் மலேரியாவும் பசியும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர்களின் சங்கம் வழிநெடுக முகாம் போட்டுச் சோறு கொடுத்தது. ஐயா தாமு வழியாக வந்தவர். முகாமுக்கு முன்னால் இருந்த அந்த ரெண்டு கிழங்கைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அவர் தினமும் ராத்திரி சாப்பிட்டது மண்டியும் சோறும், கடைசிவரை. அது எனக்கே ஞாபகம் இருக்கு. வட்டிலை வழித்துச் சாப்பிடுவார், ஒரு பருக்கை இருக்காது. சிக்கனம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒன்றை மட்டும் பழைய கட்டுரையிலிருந்து வைத்துக்கொள்ள ஆசை. 2009-ல் வேலைக்காக நியூ ஜெர்சியில் இருந்தபோது, பாட்டர்சன் என்கிற ஊரில் பெரு நாட்டுக்காரர்கள் கடையில் 'லோமோ சல்தாதோ' சாப்பிட்டதைச் சொல்லியிருந்தேன். 1849 முதல் பெருவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன சீனர்கள் வழி வந்த சமையல். மாட்டிறைச்சியை சோயா சாஸில் வதக்கி, அதோடு உருளைக்கிழங்கு வறுவலையும் போட்டுப் பிரட்டி, பக்கத்தில் ஒரு குவியல் சோறு. (நான் இறைச்சி இல்லாமல் கேட்டேன், கடைக்காரர் பாவமாகப் பார்த்தார்.) கிழங்கு பிறந்த மலை பெருவும் பொலிவியாவும்தான், டிட்டிகாகா ஏரிப் பக்கம், ஏழெட்டாயிரம் வருஷப் பயிர். சோறு ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்தது. நம்ம தட்டில் சோறு முதலில் இருந்தது, கிழங்கு பின்னால் வந்தது. மாவுக்கு மாவைத் தொட்டுக்கொள்வது எந்தச் சத்துணவுப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் ரெண்டு பக்கமும் வீடு விட்டுப் போனவர்களுக்கு அது பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் இல்லை என்று இப்போது சேர்த்துக்கொள்கிறேன்.

பழைய கட்டுரையை நீக்கவில்லை. அதன் தலையில் 'இது தவறு' என்று எழுதி, இந்தக் கட்டுரைக்கு வழி போட்டிருக்கிறேன். சமையல்காரர்கள் ரெண்டு பேரிடமும் பேசினேன். ஒருவர், சரி அண்ணே, 'ஆச்சி வறுவல்'னு மாத்திடுறேன் என்றார். இன்னொருவர் ஆவணி வரைக்கும் மெனு அட்டை அடித்தாகிவிட்டது, அதுவும் இல்லாமல் ரங்கூன் என்று போட்டால்தான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்குகிறார்கள் என்கிறார்.